வழிப்போக்கர் விடுதியும் வாரிசுகளும்

பாலக்கோட்டின் வரலாறு பெரும்பாலும் பாதையின் வரலாறே. மைசூர் மேட்டுநிலத்திலிருந்து இராயக்கோட்டை வழியே இறங்கிய வண்டிகள் தருமபுரிக்கும் சேலத்திற்கும் இவ்வழியே சென்றன. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியாருக்குப் போயிற்று. ஆட்சி மாறிற்று, வண்டித்தடம் மாறவில்லை.

1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய இருப்புப்பாதை வந்தது. 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. 1941இல், உலகப் போர் நடந்துகொண்டிருக்கையில், மூடப்பட்டது. இருபத்தெட்டே ஆண்டுகள்! புகைவண்டியை நம்பி அறைகள் கட்டிய தந்தை எவரேனும் இருந்திருப்பின், மகன் தலையெடுக்கும்போது வண்டியே இல்லை. விடுதி நடத்தும் குடும்பங்களில் முதியோர் புதுமைக்கு அஞ்சுவதை வெறும் பிடிவாதமென்று நாம் தள்ளிவிடலாகாது.

நம் சமுதாயத்தில் இப்பூசலுக்கு இன்னொரு முகமும் உண்டு. முசாபிர்களுக்கென எழுப்பிய சராய் பாகப் பிரிவினையில் அறை அறையாகச் சிதறாதிருக்க, சொத்தைச் சந்ததியார் பெயரில் வக்பு செய்துவைக்கும் வழக்கம் இருந்தது. ஏழைகளுக்குரிய பங்கு பெயரளவிலேயே உள்ளதெனக் கூறி, இத்தகைய வக்பு ஒன்றைப் பிரிவி கவுன்சில் 1894இல் செல்லாதென்றது. ஜின்னா கொணர்ந்த 1913ஆம் ஆண்டுச் சட்டமே அம்முறைக்கு மீண்டும் உயிரளித்தது. ஓசூருக்கு இரயில் போனதும் அதே ஆண்டில்தான்.

ஆனால் காப்பாற்றிய கயிறே காலையும் கட்டியது. வக்புச் சொத்தை முத்தவல்லி தம் விருப்பப்படி விற்கவோ அடகு வைக்கவோ இயலாது. குழாயும் மின்விளக்கும் தனிக் குளியலறையும் வேண்டுமென்று மகன் கேட்டால், கடனுக்கு ஈடாக எதைக் காட்டுவான்? தந்தையோ பாட்டனாரின் பத்திரத்தைக் காட்டுவார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. எனினும் ஒழுகும் கூரை பத்திரத்தைப் படித்துப் பார்ப்பதில்லையே!

ஜப்பானின் யமனாஷிப் பகுதியில் கி.பி. 705இல் தொடங்கியதாகக் கூறப்படும் கெய்யுன்கன் என்னும் வெந்நீரூற்று விடுதி, 52 தலைமுறைகள் ஒரே குடும்பத்தார் கையில் இருந்தது. தத்துப்பிள்ளைகளும் அக்கணக்கில் அடக்கம். 2017இல் ஏற்று நடத்த வாரிசு இல்லாமற்போகவே, நிறுவனமாக மாற்றி, அங்கே நெடுங்காலம் ஊழியம் செய்த கவானோ என்பவரிடம் தலைமையை ஒப்படைத்தனர். அவரை 53ஆம் தலைமுறை என்று எண்ணுவதா, புதிய முதல் தலைமுறை என்று எண்ணுவதா?