தலைக்காசு: கங்காணி முதல் டவுன்லைன் வரை

திண்டிவனம், விழுப்புரம் பேருந்து நிலையங்களைச் சுற்றி ஒட்டியிருக்கும் வேலைவாய்ப்பு நோட்டீசுகளை ஒருமுறை நின்று படித்துப் பாருங்கள் தோழர்களே. பத்தாவது முதல் பட்டம் வரை யார் வேண்டுமானாலும் வரலாம். பாஸ், பெயில் பிரச்சினை இல்லை. முன்னனுபவம் தேவையில்லை. தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். சம்பளம் எவ்வளவு என்று இருக்கும், வேலை என்ன என்று இருக்காது. கம்பெனி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செல்பேசி எண் இருக்கும். இப்போது அதே நோட்டீஸ் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாக வருகிறது. கூடப் படித்தவன் வைக்கும் ஸ்டேட்டஸ் என்பதால் நம்பிக்கையும் கூடவே வந்துவிடுகிறது.

போனால் இரண்டில் ஒன்று நடக்கும். டை கட்டி, தோளில் பை மாட்டி, சமையல் பாத்திரமோ தண்ணீர் சுத்திகரிப்பானோ விற்க வீடு வீடாக அனுப்புவார்கள். விற்றால்தான் காசு. இல்லையென்றால் நீயே ஒரு கிட் வாங்கு, உனக்குக் கீழே இரண்டு பேரைச் சேர், அவர்கள் இரண்டிரண்டு பேரைச் சேர்க்கட்டும் என்பார்கள். பல இடங்களில் முதல் வகையில் சேர்ந்தவன் ஆறு மாதத்தில் இரண்டாம் வகைக்கு மாறியிருப்பான். பொருள் விற்பதைவிட ஆள் சேர்ப்பதில் காசு என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கும்.

ஆள் சேர்த்தால் தலைக்கு இவ்வளவு என்ற ஏற்பாடு நம் மண்ணுக்குப் புதிதில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த நவீன வியாபார முறை என்று செமினாரில் சொல்கிறார்கள். தென்னாற்காட்டுச் சேரிகளுக்கு அது நூற்றைம்பது வருடப் பழக்கம்.

19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் பிடித்தவன் கங்காணி. அவன் வெள்ளைக்காரன் இல்லை, வெளியூர்க்காரனும் இல்லை. தோட்டத்தில் வேலை செய்தவனே முன்பணத்தோடு சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டான். கோட்டும் தலைப்பாகையுமாக வந்து இறங்கிய அவனை ஊரே பார்த்தது. பங்காளி, மாமன், மச்சான் என்று உறவுக்குள்தான் ஆள் சேர்த்தான். வழிச்செலவும் முன்பணமும் சேர்ந்தவன் பேரில் கடனாக எழுதப்பட்டன. இலங்கையில் அந்தக் கடனைக் குறித்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் புதிய துரை அந்தத் துண்டில் உள்ள தொகையைக் கட்ட வேண்டும். மனிதனோடு சேர்ந்து கடனும் கைமாறியது. 1921இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது.

கங்காணிக்கு வருமானம் எங்கிருந்து வந்தது? அவன் ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு வந்தார்களோ அத்தனைத் தலைக்கும் அவனுக்குக் காசு. அதற்குப் பெயரே தலைக்காசு. கங்காணிக்குள்ளும் அடுக்கு உண்டு. பத்து இருபது பேரைக் கொண்டுவந்தவன் சில்லறைக் கங்காணி. பல சில்லறைக் கங்காணிகளைத் தனக்குக் கீழே வைத்திருந்தவன் பெரிய கங்காணி. அப்லைன், டவுன்லைன் என்று இன்று பலகையில் வட்டம் போட்டு விளக்குவதை நம் பாட்டன்கள் எழுதப் படிக்கத் தெரியாமலே புரிந்துவைத்திருந்தார்கள்.

அப்படியிருந்தும் போனார்கள். போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். ஏமாந்த சனங்கள் என்று இதை முடித்துவிடக் கூடாது. ஊரில் இருந்தது படியாள் வாழ்க்கை. திண்டிவனத்துக்கு வடக்கே, பக்கத்து மாவட்டமான செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைப் படித்தால் தெரியும், குடிசை போட்டிருந்த இடம்கூட நம்முடையதாக இல்லை. மிராசுதாருக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்தால் இருக்க இடமில்லை. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. ஆகவே கங்காணி விற்றது வேலையை மட்டுமில்லை, ஊரைவிட்டு வெளியேறும் வழியை. அந்தப் பசி உண்மையானது. அதை வைத்துத்தான் வியாபாரம் நடந்தது. மலாயாவுக்கு 1938இலும் இலங்கைக்கு 1939இலும் இந்திய அரசு தடை போட்டபோதுதான் ஆள் பிடிப்பு நின்றது.

இனி அமெரிக்கக் கதை. மாணவர்களை வைத்து வீடு வீடாக விற்பது அங்கே பழைய ஏற்பாடு. உள்நாட்டுப் போர் முடிந்த சில வருடங்களில், 1868 முதல், நாஷ்வில் நகரத்து சவுத்வெஸ்டர்ன் கம்பெனி கல்லூரி மாணவர்களைக் கோடை விடுமுறையில் பைபிள் விற்க அனுப்பியது. ஆள் மேல் ஆள் சேர்க்கும் முறையைப் பெரிதாக்கியது 1959இல் மிச்சிகனில் தொடங்கிய ஆம்வே. அதன் மேல் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் வழக்குத் தொடுத்து, 1979இல் அது சட்டவிரோதப் பிரமிடு இல்லை என்று தீர்ப்பு சொன்னது. விற்காத சரக்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள், ஆள் சேர்த்ததற்காக மட்டும் காசு இல்லை என்பவை முக்கியக் காரணங்கள். உலகத்திலுள்ள எல்லா சங்கிலிக் கம்பெனிகளும் இன்றைக்கும் செமினாரில் அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் நிற்கின்றன. பொருள் இருக்கிறதே, பிறகெப்படி மோசடி என்பார்கள்.

இந்தியாவில் 1982இல் வந்த யூரேகா போர்ப்ஸ், வேக்குவம் கிளீனரோடு கழுத்தில் டை கட்டிய இளைஞர்களை நகரத்து வீடுகளுக்கு அனுப்பியது. அது விற்பனை. அதில் வேறு குறைகள் உண்டு, ஆனால் ஆள் சேர்ப்பது சரக்கில்லை. 1998இல் ஆம்வே இங்கே கடை விரித்தது. அதே வருடம் ஹாங்காங்கில் தொடங்கப்பட்ட குவெஸ்ட் குழுமம் தங்கக் காசு விற்கிறேன் என்று வந்தது. அதன் நிறுவனர் விஜய் ஈஸ்வரன் மலேசியத் தமிழர். கங்காணி போன கடல் வழியிலேயே சங்கிலி திரும்பி வந்தது என்று எனக்குத் தோன்றும். கோல்டு குவெஸ்ட் மீது 2003இல் சென்னையில் பதிவான வழக்கை, புகார் கொடுத்தவர்களோடு சமரசம் ஆகிவிட்டது என்பதால் 2014இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆம்வேயின் முறை தடைச் சட்டத்துக்குள் வருகிறது என்று 2007இல் ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னது. அதன் இந்தியத் தலைவர் வில்லியம் பிங்க்னி 2013இல் கேரளத்திலும் 2014இல் ஆந்திரத்திலும் கைதானார். 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை அந்தக் கம்பெனியின் 757 கோடி ரூபாய்க்கும் மேலான சொத்தை முடக்கியது. கம்பெனி குற்றச்சாட்டை மறுக்கிறது. கோவையில் விளம்பரம் பார்த்தால் பணம் என்ற மைவி3 ஆட்ஸ் மீது 2024 ஜனவரியில் வழக்கு வந்தபோது, பணம் கட்டியவர்களே ஆயிரக்கணக்கில் திரண்டு கம்பெனிக்கு ஆதரவாக நின்றார்கள். அந்தக் கூட்டத்தைக் கேலி செய்தவர்கள் அதிகம். போட்ட பணம் திரும்ப வர வேண்டுமானால் கம்பெனி நடந்தாக வேண்டும் என்ற அவர்களின் கணக்கை யாரும் கேட்கவில்லை.

இப்போது நம் பிள்ளைகளிடம் வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி, கள்ளக்குறிச்சி பிரியாத விழுப்புரம் மாவட்டத்தில் நூற்றில் ஏறக்குறைய 29 பேர் பட்டியல் சாதியினர். திண்டிவனத்தில் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் விழுப்புரத்தில் அண்ணா அரசு கலைக் கல்லூரியும் 1960களின் கடைசியில் வந்தவை. வீட்டின் முதல் பட்டதாரிகள் அங்கிருந்து வந்தார்கள், அரசு வேலையை நோக்கிப் போனார்கள். 2001 நவம்பரில் தமிழக அரசு புதிய நியமனங்களுக்குத் தடை போட்டது. 2006 வரை அந்தக் கதவு மூடியே இருந்தது. 2012இல் அரசாணை 92 வந்தது. சுயநிதிக் கல்லூரிகளில் ஆதிதிராவிட மாணவர்களின் கட்டணத்தை அரசே கட்டும் என்றது அது. போராடிப் பெற்ற உரிமை. எங்கள் தெருக்களில் பொறியியல் படித்தவர்கள் அதற்குப் பிறகுதான் கூட்டமாக வந்தார்கள். படிப்புக்கு வழி திறந்த அளவுக்கு வேலைக்குத் திறக்கவில்லை. தனியார் துறையில் இடஒதுக்கீடு கிடையாது. 2022 குரூப் 4 தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 7,301, விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம். அந்த வித்தியாசத்தில் நிற்கும் பிள்ளைகளைத் தேடித்தான் நோட்டீஸ் ஒட்டப்படுகிறது.

களப்பணியில் சந்தித்த இளைஞர்களிடம் ஏன் போனாய் என்று கேட்டால் முதலில் பணத்தைச் சொல்வதில்லை. அந்த ஹாலில் எல்லோரும் என்னைச் சார் என்று கூப்பிட்டார்கள் என்கிறார்கள். கை குலுக்கினார்கள், பக்கத்தில் உட்காரவைத்தார்கள், எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. அம்பேத்கரின் கோட்டைப் பற்றி நாம் கூட்டங்களில் பேசுகிறோம். கம்பெனிக்காரன் ஒரு கோட்டையே கொண்டுவந்து மாட்டிவிடுகிறான். சமூகவியல் வகுப்பில் சமூக மூலதனம் என்று ஒரு கருத்தைப் படித்தேன். யாரைத் தெரியும் என்பதும் ஒரு சொத்து என்பது அதன் சாரம். சங்கிலிக் கம்பெனிகள் அந்தச் சொத்தைத்தான் கேட்கின்றன. முதல் நாளே நூறு பேர் பெயரை எழுதச் சொல்வார்கள். நம் பிள்ளை எழுதும் நூறு பெயரும் காலனிக்குள்தான் இருக்கும்.

ஊர்த்தெருவுக்குப் போய் விற்கலாமே என்று கேட்கலாம். முன்வாசல் வழியாக உள்ளே போய், கூடத்தில் உட்கார்ந்து, பாத்திரத்தையும் மாவையும் தண்ணீர் வடிகட்டியையும் தொட்டுக் காட்டி விற்கும் வேலை இது. எந்த ஊர், அப்பா பெயர் என்ன என்ற இரண்டு கேள்வியில் அந்த விற்பனை முடிந்துவிடும். 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்திலேயே 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அந்த மாவட்டத்துக் கடைத்தெருவில் இன்றைக்கும் எத்தனை கடை நம்முடையது என்று எண்ணிப் பாருங்கள். ஆக, விற்கவும் சேர்க்கவும் சேரிதான் சந்தை. சித்தி, அத்தை, கூடப் படித்தவளின் அம்மா. மகளிர் குழுக் கடனும் நுண்கடன் கம்பெனிப் பணமும் கிட்டாக மாறுகின்றன. நட்டம் வரும்போது பணத்தோடு உறவும் போகிறது, பிள்ளை ஊருக்குள் தலைகாட்ட முடியாமல் சென்னைக்கோ ஓசூருக்கோ போய்விடுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு இரண்டு பேர் வீதம் 20 படி இறங்கினால், கடைசிப் படியில் மட்டும் 10,48,576 பேர். மேலிருக்கும் எல்லாப் படிகளையும் கூட்டினால் சுமார் 21 லட்சம். கள்ளக்குறிச்சி பிரிந்த பிறகுள்ள விழுப்புரம் மாவட்டத்தின் மக்கள்தொகை, 2011 கணக்கில், கைக்குழந்தைகளையும் சேர்த்து அவ்வளவுதான். எந்தப் படியில் நின்றாலும், மொத்தத்தில் பாதிப் பேர் கடைசிப் படியில் இருப்பார்கள், அவர்களுக்குக் கீழே யாரும் இருக்க மாட்டார்கள். உழைப்பு போதவில்லை என்று அவர்களிடம் சொல்லப்படும். கங்காணி முறையைவிட இது மோசம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. கங்காணி கூட்டிப்போன இடத்தில், கொடுமையான நிலையிலாவது, பறிக்கத் தேயிலை இருந்தது.

சட்டம் இருக்கிறது. பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம், 1978. ஆள் சேர்ப்பதைச் சார்ந்து எளிதில் பணம் வரும் என்று நடத்தப்படும் திட்டம் குற்றம். மூன்று வருடம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கவனிக்க வேண்டியது அதன் 3ஆம் பிரிவு. நடத்துபவரை மட்டுமில்லை, உறுப்பினராகச் சேருவதையும் பங்கெடுப்பதையும் அது தடை செய்கிறது. சித்தியைச் சேர்த்துவிட்ட பையனும் வழக்கில் வரலாம். இந்த பயத்தினாலேயே பலர் புகார் கொடுப்பதில்லை, மேலே இருப்பவனும் அதைச் சொல்லித்தான் மிரட்டுகிறான். 2021 டிசம்பர் 28இல் வெளியான நேரடி விற்பனை விதிகள் பிரமிடு திட்டங்களைத் தடை செய்கின்றன, சேருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், விற்பவருக்கு அடையாள அட்டை வேண்டும் என்கின்றன. மாநில அரசு கண்காணிப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சொல்கின்றன.

உங்கள் கல்லூரியில் யாராவது சேர்ந்திருந்தால் அவரைத் திட்டாதீர்கள். கட்டிய பணத்துக்கான ஜிபே ரசீது, ஆள் சேர்க்கச் சொன்ன வாட்ஸ்அப் செய்தி, செமினார் வீடியோ எதையும் அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். தனியாக ஒருவர் போனால் சமரசம் பேசி அனுப்பிவிடுவார்கள். ஒரே சங்கிலியில் பணம் இழந்தவர்கள் சேர்ந்து, ஒரு வழக்கறிஞரோடு, பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போக வேண்டும். புகாரில் உங்களைச் சேர்த்தவரின் பெயரோடு நிறுத்தாமல், பணம் கடைசியாகப் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கையும் எழுதுங்கள். சேர்த்தவர் பெரும்பாலும் நம் தெருக்காரராகவே இருப்பார், கணக்கு வேறொருவருடையதாக இருக்கும்.