செஞ்சுரி கோதிக்

செஞ்சுரி கோதிக் என்பது மோனோடைப் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஓர் இலத்தீன் எழுத்துரு ஆகும். கோடுகளின் முனைகளில் சிறு கொம்புகள் இல்லாத சான்ஸ் செரிஃப் வகையைச் சேர்ந்த இது, வட்டம், நேர்கோடு முதலிய வடிவியல் உருவங்களை அடிப்படையாகக் கொண்டது. மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் மென்பொருளுடன் வழங்கப்பட்டதால் பரவலாக அறியப்பட்டது. மெல்லிய கோடுகளைக் கொண்டிருப்பதால் அச்சு மையைச் சேமிக்கும் எழுத்துரு என்றும் பெயர் பெற்றது.

வரலாறு

வடிவியல் எழுத்துருக்களுள் புகழ்பெற்றது, பவுல் ரென்னர் வடிவமைத்து 1927 இல் செருமனியில் வெளியான ஃபியூச்சுரா ஆகும். அதற்குப் போட்டியாக அமெரிக்காவின் லான்ஸ்டன் மோனோடைப் நிறுவனத்துக்காக சோல் ஹெஸ் வரைந்த எழுத்துரு டுவென்டியத் செஞ்சுரி. செஞ்சுரி கோதிக்கின் எழுத்து வடிவங்கள் இதிலிருந்து உருவானவை.

எழுத்துக்களின் அகல அளவுகள் வேறோர் எழுத்துருவைப் பின்பற்றியவை. ஹெர்ப் லுபாலின், டாம் கார்னேஸ் ஆகியோர் உருவாக்கி 1970 இல் வெளியான ஐடிசி அவான்ட் கார்ட் கோதிக், பல போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறிகளில் உள்ளமைந்திருந்தது. அதற்கு மாற்றாகப் பயன்படுத்தும்போது வரிகளும் பக்கங்களும் இடம் மாறாதிருக்க, செஞ்சுரி கோதிக்கின் எழுத்துக்கள் அதே அகலத்தில் அமைக்கப்பட்டன.

வடிவமைப்பு

இதில் 'ஓ' எழுத்து ஏறக்குறைய முழு வட்டமாக உள்ளது. சிற்றெழுத்து 'ஏ', ஒரு வட்டமும் அதன் வலப்புறம் ஒரு செங்குத்துக் கோடும் கொண்டது. கோடுகள் ஏறத்தாழ ஒரே தடிப்புடையவை. சிற்றெழுத்துக்களின் உடற்பகுதி, பேரெழுத்துக்களோடு ஒப்பிடுகையில் உயரமானது.

பயன்பாடு

தலைப்புகள், அழைப்பிதழ்கள், விளம்பரங்கள் போன்றவற்றுக்கு இவ்வெழுத்துரு பொருத்தமானது. 'ஏ' எழுத்து கையால் எழுதப்படும் வடிவத்தை ஒத்திருப்பதால் சிறுவர்களுக்கான பயிற்சித்தாள்களிலும் பயன்படுத்தப்படுகிறது. எனினும் 'ஏ', 'ஓ', 'டி' முதலிய சிற்றெழுத்துக்கள் ஒரே வட்டத்தைக் கொண்டிருப்பதால், சிறிய அளவில் அச்சிட்ட நீண்ட உரைகளில் அவற்றை விரைவாக வேறுபடுத்துவது கடினம்.

மைச் சிக்கனம்

2010 இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம்-கிரீன் பே, தனது மின்னஞ்சல் அமைப்பின் இயல்புநிலை எழுத்துருவை ஏரியலிலிருந்து செஞ்சுரி கோதிக்காக மாற்றியது. அச்சிடும்போது சுமார் 30 விழுக்காடு மை குறைவாகச் செலவாகும் என்பது இதற்குக் கூறப்பட்ட காரணம்.

கோடுகள் மெலிந்திருப்பதால் ஒவ்வோர் எழுத்துக்கும் தேவைப்படும் மை குறைகிறது. ஆனால் வட்ட எழுத்துக்கள் அகலமானவை. அதே அளவில் அமைத்தால் ஒரு வரியில் ஏரியலைவிடக் குறைவான எழுத்துக்களே அடங்கும். ஒரு பக்கத்தில் முடியும் மடல் ஏரியலில் அப்பக்கத்தை ஏற்கனவே நிரப்பியிருந்தால், செஞ்சுரி கோதிக்கில் அது இரண்டாம் தாளுக்கு நீளக்கூடும். அப்போது மையில் கிடைத்த சேமிப்பு, தாளின் செலவால் குறையும் அல்லது முற்றிலும் இல்லாமற்போகும். எழுத்தின் அளவைக் குறைத்து இதைத் தவிர்க்க முயன்றால், மெல்லிய கோடுகள் மங்கிப் படிப்பது கடினமாகும். எனவே ஓர் எழுத்துருவின் சிக்கனத்தை மதிப்பிட மையின் அளவு மட்டும் போதாது. தாளின் எண்ணிக்கையும் படிக்கும் எளிமையும் சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும்.