இரண்டு மாதிரிகளை நீக்கிய கணக்கு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளிண்ட் என்று ஓர் ஊர். கார் தொழிற்சாலைகளால் வளர்ந்து, அவற்றில் பல மூடப்பட்டதும் நொடித்துப்போன ஊர். செலவைக் குறைக்க, டெட்ராய்ட்டிலிருந்து வாங்கிய ஏரித் தண்ணீரை நிறுத்தி, 2014 ஏப்ரலில் உள்ளூர் ஆற்றுத் தண்ணீரைக் குழாய்களில் விட்டார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்து காரீயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. (நாம் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு.) கரைந்த காரீயம் கண்ணுக்குத் தெரியாது, காய்ச்சினாலும் போகாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

அதே ஆண்டு அக்டோபரில், இயந்திரப் பாகங்கள் அரிக்கின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அந்தத் தண்ணீரை நிறுத்திக்கொண்டது. மக்கள் தொடர்ந்து குடித்தார்கள்.

சோதனை நடக்காமல் இல்லை. பத்தில் ஒன்பது மாதிரிகளாவது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது அப்போது அங்கே விதி. 2015-ல் 71 மாதிரிகள் வந்தன. மாநில அதிகாரிகள் சொல்லி இரண்டை நீக்கியதும் கணக்கு 11 என்று விதிக்குள் அடங்கியது. நீக்கியதில் ஒன்று, நான்கு குழந்தைகளின் தாயான லீ-ஆன் வால்டர்ஸ் வீட்டு மாதிரி. அதில் இருந்தது 104. வீட்டில் வடிகட்டி இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். மாதிரி எடுப்பதற்கு முந்தைய இரவே குழாயைத் திறந்து ஓடவிடவும் சொல்லியிருந்தார்கள். அப்படிச் செய்தால் அளவு குறைவாகத்தான் தெரியும்.

டோட்டல் இடிக்கிறது என்று இரண்டு வவுச்சரை எடுத்துவிட்டால் எந்தக் கணக்கும் நேராகும். வங்கியில் வேலை பார்த்தவனுக்கு இது புதிதல்ல.

வால்டர்ஸ் விடவில்லை. வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் அவர் வீட்டுத் தண்ணீரைச் சோதித்தபோது ஒரு மாதிரியில் 13,200 இருந்தது. பிறகு ஊருக்கு 300 சோதனைப் பெட்டிகள் வந்தன. மக்களே வீடு வீடாகப் போய் 250-க்கும் மேல் நிரப்பி அனுப்பினார்கள். செப்டம்பரில் மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா, குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் கூடியிருப்பதைக் காட்டினார். அக்டோபரில் பழைய தண்ணீர் திரும்பியது.

நம் நாட்டு ஐ.எஸ். 10500 தரப்படி காரீயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. சம்ப்பில் எடுத்த மாதிரி சம்ப்பைப் பற்றித்தான் சொல்லும். இரவெல்லாம் தேங்கி, காலையில் சமையலறைக் குழாயில் வரும் முதல் தண்ணீரையும் ஒவ்வொரு பிளாக்கிலும் சில வீடுகளில் எடுக்க வேண்டும். வரும் எண்கள் அத்தனையும் நோட்டீஸ் போர்டில் ஏற வேண்டும், ஒன்றைக்கூட விடாமல்.