மழை மேகத்தில் ஒரு சொல்



மழை இருட்டிக்கொண்டு வந்தால் பால்மரக் காட்டில் வேலை நின்றுவிடும். பட்டை நனைந்த மரத்தில் பால் வெட்ட முடியாது. ஆனால் வானத்தில் வந்துகொண்டிருக்கும் விமானம், மழைக்கு ஒதுங்கி ஓரமாக நிற்க முடியுமா? எண்ணெய் தீருமுன் எங்கேயாவது இறங்கித்தான் ஆகவேண்டும். மேகம் கண்ணை மறைக்கும் அந்த நேரத்தில் விமானிக்குத் துணையாக இருப்பவை இரண்டு. ஒன்று, அவர் முன்னால் உள்ள கருவிகள். மற்றொன்று, தரையிலிருந்து வானொலி வழியாக வரும் ஒரு மனிதக் குரல். அந்தக் குரலின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

ஆரம்பக் காலத்து விமானிகள் கீழே தெரியும் சாலையையும் ரயில் பாதையையும் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்தார்கள். 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி, வட பிரான்சில் மூடுபனி. லண்டனிலிருந்து பாரிசுக்குப் போன விமானமும், பாரிசிலிருந்து லண்டனுக்கு வந்த விமானமும் ஒரே வழியில் எதிரெதிரே வந்து மோதின. இரண்டிலும் இருந்த 7 பேரும் மாண்டனர். அவ்வளவு பெரிய வானத்தில் இரண்டு சிறிய விமானங்களுக்கு இடம் போதாமல் போய்விட்டது! அதற்குப் பிறகுதான், வானத்திலும் வலப்பக்கமாகப் போகவேண்டும், விமானத்தில் வானொலிக் கருவி வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் வலுப்பெற்றன.

இன்று அந்த வேலை எப்படி நடக்கிறது? நெடுந்தூரத்தில் வரும் விமானத்தை ஓர் அதிகாரி கவனிக்கிறார். அது விமான நிலையத்தை நெருங்கியதும் இன்னொருவரிடம் ஒப்படைக்கிறார். ஓடுபாதைக்கு வரும்போது கோபுரத்தில் இருப்பவர் பொறுப்பேற்கிறார். புயல் அடித்தால், வந்த விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, ஆயிரம் அடி இடைவெளி விட்டு, வானத்திலேயே வட்டமிடச் செய்கிறார்கள். மழை விடாவிட்டால் வேறு ஊருக்குப் போய் இறங்கலாம். அதற்கும் சேர்த்துத்தான் எண்ணெய் நிரப்பியிருப்பார்கள்.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் விபத்து ஏன் நடக்கிறது? 1977ஆம் ஆண்டு அதற்கு இரண்டு பாடங்களைத் தந்தது.

முதலாவது, மார்ச் 27ஆம் தேதி, ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த தெனரீஃப் தீவில் நடந்தது. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், பல விமானங்கள் இந்தச் சிறிய நிலையத்துக்குத் திருப்பி விடப்பட்டிருந்தன. பனி மூடி ஓடுபாதையே தெரியவில்லை. டச்சு விமானி, அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணிப் புறப்பட்டுவிட்டார். அதே பாதையில் ஓர் அமெரிக்க விமானம் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. கோபுரமும் அமெரிக்க விமானமும் ஒரே நொடியில் பேசியதால், அந்த எச்சரிக்கை சரியாகக் காதில் விழவில்லை. டச்சு விமானத்தின் பொறியாளர், "அவர்கள் இன்னும் விலகவில்லையோ?" என்ற பொருளில் கேட்டார். மூத்த விமானி அந்த ஐயத்தை ஒதுக்கித் தள்ளினார். 583 உயிர்கள் போயின.

இரண்டாவது, நம் நாட்டிலேயே நடந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி, தோக்கியோவிலிருந்து ஹாங்காங் வழியாக வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், மோசமான வானிலையில் சுபாங்கில் இறங்க முயன்றது. விமான நிலையத்தைச் சேருமுன்பே, எல்மினா தோட்டத்துக் குன்றில் மோதியது. 79 பேரில் 34 பேர் இறந்தனர். 45 பேர் பிழைத்தனர். ஓடுபாதை கண்ணில் படாவிட்டால், குறித்த உயரத்துக்குக் கீழே இறங்காமல் மேலே ஏறிவிடவேண்டும் என்பது விதி. ஓடுபாதையைக் காணாமலே விமானி அந்த எல்லையைத் தாண்டி இறங்கினார் என்று விசாரணையில் தெரியவந்தது. இன்று எல்மினா வட்டாரத்தில் நகரமே எழுந்துவிட்டது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதே சுபாங் நிலையத்தை நோக்கி வந்த இன்னொரு விமானம் ஒரே ஒரு சொல்லால் அழிந்தது. 1989ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதி விடியற்காலை, சிங்கப்பூரிலிருந்து பிளையிங் டைகர் சரக்கு விமானம் வந்தது. "டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" உயரத்துக்கு இறங்கலாம் என்றது தரைக் குரல். அதாவது 2,400 அடி. ஆங்கிலத்தில் இரண்டு என்பதற்கும் 'டூ'. இவ்வளவு வரை என்பதற்கும் 'டூ'. விமானி அதை "நானூறு வரை" என்று எடுத்துக்கொண்டு, "ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று மட்டும் திருப்பிச் சொன்னார். அந்தத் தவற்றை யாரும் திருத்தவில்லை. தரை நெருங்குவதாக விமானத்தில் இருந்த கருவி எச்சரித்தும் பயனில்லை. பூச்சோங் பக்கத்துக் குன்றில், 437 அடி உயரத்தில் மோதி, நால்வரும் இறந்தனர்.

நேயர்களே, பெரட்டுக் களத்தில் கிராணி சொன்ன நிரை எண்ணைத் தவறாகக் கேட்டால், வேறொருவர் நிரையில் போய் நிற்போம்; ஒரு காலைப் பொழுது வீணாகும். வானத்தில் அதே தவறு உயிரைக் கொண்டுபோகிறது.

அதனால்தான் இன்று உயரத்தை "இரண்டாயிரத்து நானூறு அடி" என்று முழுமையாகச் சொல்லவேண்டும். முக்கியமான கட்டளையை விமானி அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். தரையில் இருப்பவர் அதைக் காது கொடுத்துக் கேட்டு, பிழை இருந்தால் திருத்தவேண்டும். 'புறப்படு' என்ற சொல்லை, உண்மையிலேயே புறப்பட அனுமதி கொடுக்கும்போது அல்லது அதைத் திரும்பப் பெறும்போது மட்டுமே பயன்படுத்தவேண்டும். ஐயம் எழுந்தால், இளையவரும் மூத்தவரைத் தடுத்துக் கேட்கவேண்டும் என்று விமானிகளுக்குப் பயிற்சி தருகிறார்கள்.

இவை ஏட்டில் தாமாக வந்த விதிகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் வீடு திரும்பாத மனிதர்கள் இருக்கிறார்கள். பெரியவர் சொல்லுக்கு மறுபேச்சு இல்லை என்றே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் "நான் கேட்டது சரிதானா?" என்று கேட்பது மறுபேச்சு ஆகாது, மரியாதைக் குறைவும் ஆகாது. உங்கள் பிள்ளை நாளை அப்படிக் கேட்டால், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். அந்தப் பழக்கம் ஒருநாள் பல உயிர்களைக் காக்கலாம்.