போர்வைக்குள் ஒரு தாய்: குழந்தைப் படத்தின் வரலாறும் நமக்குள்ள பாடமும்

குழந்தை பிறந்த வீடுகளில் இன்று ஒரு புதிய ஏற்பாடு சேர்ந்துள்ளது. ஏழாம் நாள் அகீகா, தலைமுடி இறக்குதல், பெயர் சூட்டுதல் ஆகியவற்றோடு, படம் எடுப்பவரை எந்த நாளில் வரச் சொல்வது என்பதும் குடும்பத்தாரின் ஆலோசனையில் இடம் பெறுகிறது. சில இடங்களில் பிரசவத்துக்கு முன்பே தாயை வைத்துப் படம் எடுக்கும் வழக்கமும் நுழைந்துவிட்டது. "என்ன உடை உடுத்துவது, எப்படித் தயாராவது, எந்த அளவோடு நிறுத்திக்கொள்வது?" என்று பெற்றோர்கள் கேட்கின்றனர். படம் எடுப்பவரோ, "இயல்பாக இருங்கள்" என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கிறார். அந்த இயல்பு ஒளிப்படக்கலையில் எப்போது, எவ்வாறு வந்தது என்பதை அறிந்தால், கேட்ட கேள்விக்கான விடையும் ஓரளவு துலங்கும்.

கேமராவை முஸ்லிம்களே கண்டுபிடித்தனர் என்று நம்மவர்கள் பெருமையோடு பகிர்வதுண்டு. உண்மையை உள்ளபடி சொல்வதே நமக்கு அழகு. பஸராவில் ஏறத்தாழ 965ஆம் ஆண்டு பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைஸம், சிறு துளை வழியே இருண்ட அறைக்குள் நுழையும் ஒளி எவ்வாறு உருவத்தைத் தோற்றுவிக்கிறது என்பதைச் சோதனைகள் மூலம் ஆராய்ந்தார். சூரிய கிரகணத்தின் வடிவம் துளை வழியே விழுவதைப் பற்றித் தனியே ஒரு சிறுநூலும் எழுதினார். ஒளியியலைப் பற்றிய அவருடைய பெருநூலான 'கிதாபுல் மனாழிர்' லத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய அறிஞர்களால் பல நூற்றாண்டுகள் பயிலப்பட்டது. ஆனால் விழுந்த உருவத்தை நிலைநிறுத்தி வைக்கும் வழியை அவர் கண்டவரல்லர். அது எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர் வேறு பலரின் முயற்சியால் கைகூடியது.

1839ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாரிஸ் நகரில், தாகேர் என்பவரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் பதிய, தொடக்கத்தில் சில நிமிடங்களிலிருந்து கால் மணி நேரம் வரை தேவைப்பட்டது. அதுவரை அசையாமல் இருப்பது யாரால் இயலும்? பின்னர் வில்லைகளும் வேதிப்பொருள்களும் மேம்பட்டு நேரம் குறைந்த போதிலும், தலை ஆடாதிருக்கப் பிடரியில் இரும்புத் தாங்கி பொருத்துவது படக்கூடங்களில் நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. பழைய படங்களில் மக்கள் இறுகிய முகத்தோடு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் மகிழ்ச்சியற்றவர்களாக வாழ்ந்தனர் என்று எண்ணிவிடலாகாது.

பெரியவர்களைத் தாங்கியில் நிறுத்தலாம், கைக்குழந்தையை என்செய்வது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்கு ஒரு வழி கண்டனர். தாயை நாற்காலியில் அமர்த்தி, அவள் தலைமுதல் கால்வரை துணியால் போர்த்தி, மடியில் குழந்தையை வைத்துப் படம் எடுத்தனர். தாயின் கைகள் குழந்தையை அசையாமல் பற்றியிருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கோ அவள் ஒரு நாற்காலி போலத் தோன்றுவாள். அத்தகைய படங்கள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. மறைந்திருக்கும் தாய் என்றே அவற்றுக்குப் பெயர் வழங்குகிறது. சில படங்களில் துணிக்கு வெளியே ஒரு கை மட்டும் தெரிகிறது. குழந்தை அமைதியாக இருப்பதன் காரணம் அந்தக் கைதான்.

காலப்போக்கில் படம் பதியும் நேரம் சுருங்கியது. 1851இல் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையால் அது சில விநாடிகளானது. 1871இல் மேடக்ஸ் காட்டிய உலர்தகட்டு முறை மேலும் வளர்ந்து, 1880களில் ஒரு விநாடியின் சிறு பகுதியே போதுமானதாயிற்று. 1888இல் ஈஸ்ட்மன் நூறு படங்களுக்கான சுருளோடு கோடக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1900இல் ஒரு டாலர் விலையில் பிரௌனி வந்தது. படக்கூடத்துக்குப் போக வேண்டிய தேவை குறைந்தது. வீட்டுத் திண்ணையிலேயே, தந்தையோ தாயோ தம் கையால் பிள்ளையைப் படம் எடுக்கலாயினர். கருவி விரைந்ததாலும், படம் வீட்டுக்குள் வந்ததாலும் பிறந்ததே அந்த இயல்பு. பிறர் கட்டளையிட்டு அது வந்ததன்று.

முஸ்லிம் நாடுகளிலும் ஒளிப்படம் விரைவிலேயே வேரூன்றியது. எகிப்திய இராணுவ அதிகாரியும் பொறியாளருமான முஹம்மது ஸாதிக் பே 1861இல் மதீனாவைப் படம் எடுத்தார். 1880இல் எகிப்திய ஹஜ் குழுவின் பொருளாளராகச் சென்றபோது மக்காவையும் படம் எடுத்தார். இஸ்தான்புல்லில் அப்துல்லாஹ் சகோதரர்கள் என்ற ஆர்மீனியர் நடத்திய படக்கூடம் உஸ்மானிய அரண்மனைக்கே பணியாற்றியது. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது, தம் நாட்டின் பள்ளிகள், மருத்துவமனைகள், மாணவ மாணவியர் ஆகியோரின் படங்களை 51 தொகுப்புகளாக்கி, 1890களில் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்துக்கு அன்பளிப்பாக அனுப்பினார்.

உலமாக்கள் இதைப் பற்றித் தீவிரமாக ஆராய்ந்தனர். உயிருள்ளவற்றின் உருவங்களை உருவாக்குவோர் பற்றிய நபி (ஸல்) அவர்களின் கடும் எச்சரிக்கைகள் புகாரீ, முஸ்லிம் ஆகிய நூல்களில் உள்ளன. ஒளிப்படம் அதில் அடங்குமா என்பதே கேள்வி. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ, கண்ணாடியில் தோன்றும் நிழலைப் பிடித்து வைப்பதே ஒளிப்படம், அது படைப்புக்கு ஒப்பாகாது என்று கூறி அனுமதித்தார். தேவ்பந்தின் முஃப்தி முஹம்மது ஷஃபீஃ உள்ளிட்ட உபகண்டத்து அறிஞர் பலர், கருவி மாறினாலும் சட்டம் மாறாது, நிர்ப்பந்தத் தேவைக்கன்றி ஆகாது என்றனர். இரு தரப்பாரும் மார்க்கத்தின் மீது கொண்ட அக்கறையினாலேயே பேசினர். தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டு நடப்பதே பொதுமக்களின் கடமை. வீட்டில் ஒருவர் வேண்டாம் என்றால் அவரைப் பழைமைவாதி என ஏளனம் செய்வது நம் பண்பன்று.

கருவுற்ற தாயைச் சித்திரிக்கும் வழக்கத்துக்கும் ஒரு பழைய வரலாறு உண்டு. 1590களில் இங்கிலாந்தில், கருவுற்ற சீமாட்டிகளை முழு உடையோடு ஓவியமாகத் தீட்டுவித்தனர். பிரசவத்தில் தாய் உயிரிழப்பது அரிதல்லாத காலம் அது. அவள் திரும்பாவிட்டால் முகமேனும் எஞ்சட்டும் என்ற அச்சமும் அவ்வோவியங்களுக்குப் பின்னே இருந்ததாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 1991இல் ஓர் அமெரிக்க இதழின் அட்டையில் கருவுற்றிருந்த நடிகை ஒருவரின் ஆடையற்ற படம் வெளியானபோது, பெரும் சர்ச்சை எழுந்தது. இன்றைய மகப்பேற்றுப் படங்களின் பெருக்கத்துக்கு அது ஒரு திருப்புமுனை. உயிரச்சத்தில் தொடங்கியது காட்சிப்பொருளாக மாறிய கதையை நம் பெண்மக்கள் அறிந்திருப்பது நல்லது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உள்ளன.

முதலாவது, தாயின் விருப்பம். பிரசவித்தவளுக்கு ஓய்வும் உறக்கமும் மருந்தும் முதலில். படம் அதற்குப் பின். நிஃபாஸுடைய நாட்களில் சோர்ந்திருப்பவளை அலங்கரித்து உட்கார வைப்பது உபகாரமாகாது. அவள் படத்தில் இருக்க விரும்பவில்லையெனில் அது அவளது உரிமை. விரும்பினால், பெண் ஒருவரைக் கொண்டு, மஹ்ரமானவர்கள் மட்டும் உள்ள அறையில், மார்க்கம் வகுத்த உடையோடு எடுக்கலாம். நம் வீட்டுத் தொகுப்புகளைப் புரட்டினால் வாப்பாவும் பிள்ளைகளும் எல்லாப் பக்கத்திலும் இருப்பர். உம்மாவைத் தேட வேண்டியிருக்கும். பிள்ளையைத் தூக்கிக் காட்டியவளும், கைபேசியைப் பிடித்திருந்தவளும் அவளாகவே இருப்பாள். நாணத்தால் ஒருத்தி தானே விலகி நிற்பது வேறு. பிறர் அவளை நாற்காலியாக்குவது வேறு.

இரண்டாவது, குழந்தையின் உடல். தாடையைக் கைகளில் ஊன்றி விழித்திருப்பது போன்ற பச்சிளங்குழந்தைப் படங்களைக் கண்டு நாமும் முயலக் கூடாது. தேர்ந்தவர்கள் குழந்தையின் தலையையும் கைகளையும் மற்றொருவர் பிடித்திருக்க இரண்டு படங்கள் எடுத்து, பிடித்த கைகள் தெரியாதவாறு ஒன்றாக இணைக்கின்றனர். பிறந்த சிசுவுக்குத் தன் தலையைத் தாங்கும் வலு இல்லை. வயிறு நிறையப் பாலூட்டி, அறையைக் குளிரின்றி வைத்து, உறங்கும் குழந்தையை உறங்கியபடியே எடுத்தால் போதும். அழுதால் நிறுத்திவிட வேண்டும். சன்னல் ஓரத்து வெளிச்சமும், பழகிய மடியும், அவசரமின்மையும் இருந்தால் இயல்பு தானே வரும்.

மூன்றாவது, படம் போய்ச் சேருமிடம். பழைய படம் பெட்டிக்குள் இருந்தது. இன்றைய படம் ஒரு நொடியில் ஊரெங்கும் பரவுகிறது. கண்ணேறு உண்மை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பேரர்கள் ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்காகவும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியுள்ளார்கள். குழந்தை நம்மிடம் உள்ள அமானிதம். அதன் படத்தைப் பொதுவெளியில் இடுமுன், வளர்ந்தபின் அப்பிள்ளை இதை விரும்புமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். படம் எடுப்பவர் அதைத் தம் விளம்பரத்துக்குப் பயன்படுத்தமாட்டார் என்பதை முன்கூட்டியே பேசி உறுதி செய்துகொள்வதும் அவசியம்.

அகீகாவின் இறைச்சி ஏழைகளுக்குச் சென்றதா, முடியின் எடைக்கு வெள்ளி தர்மம் செய்யப்பட்டதா, தாய்க்கு ஓய்வு கிடைத்ததா என்பவற்றை முதலில் பாருங்கள். அவை நிறைவேறிய வீட்டில், உங்கள் ஆலிமின் அறிவுரைக்கு உட்பட்டு ஒரு படம் எடுப்பதாயின், பிள்ளையை ஏந்தியிருக்கும் அந்தக் கைகளுக்கு உரியவளிடம் முதலில் அனுமதி கேளுங்கள். வல்லாஹு அஃலம்.