மந்திரப் பள்ளியின் கட்டணம்

மந்திரப் பள்ளி நாவல்கள் இளையோரை ஏன் இழுக்கின்றன என்று கேட்டால் மந்திரக்கோல், பறக்கும் துடைப்பம், ரகசியச் சுரங்கம் என்று பதில் வரும். அது பாதி விளக்கம். மாயாஜாலக் கதை இல்லாத மொழி ஏது? அந்த மாயத்தைப் பாடவேளையும் தேர்வும் தண்டனையும் உள்ள வகுப்பறைக்குள் உட்கார வைத்த பிறகுதான் இந்தத் தனி மோகம் பிறந்தது. அதற்கான காரணத்தைத் தேட ஒரு கேள்வி உதவும்: இந்தப் பள்ளிகளில் கட்டணம் கட்டுவது யார்?

பழங்கதைகளில் பதில் ஒளிவுமறைவில்லாதது. ஐஸ்லாந்தின் ஓடி என்ற ஊரில் பாதிரியாராக வாழ்ந்த அறிஞர் சேமுண்டுர் (1056–1133) ‘கறுப்புப் பள்ளி’யில் படித்தவர் என்பது நாட்டார் நம்பிக்கை. பூமிக்கடியில், சன்னலே இல்லாத பள்ளி அது. ஏட்டின் எழுத்துகள் நெருப்பாய் ஒளிரும். மயிரடர்ந்த சாம்பல்நிறக் கை ஒன்று சாப்பாட்டை நீட்டும். படிப்பு முடிந்து கடைசியாக வெளியேறுபவன் சாத்தானுக்குச் சொந்தம். கடைசியாக வந்த சேமுண்டுர், சுவரில் விழுந்த தன் நிழலைக் காட்டி ‘இவனைப் பிடித்துக்கொள்’ என்று நழுவியதாக ஒரு வடிவம் உண்டு. திரான்சில்வேனியாவின் ஷோலொமான்ஸ் பள்ளியைப் பற்றி எழுத்தாளர் எமிலி ஜெரார்ட் 1885இல் எழுதினார். அங்கே பத்துப் பேர் படிப்பார்கள், ஒன்பது பேர் வீடு திரும்புவார்கள், பத்தாமவனைச் சாத்தான் கட்டணமாக நிறுத்திக்கொள்வான். பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) இதை எடுத்தாண்டது. ஏகலைவனின் கட்டைவிரலை அறிந்த நமக்கு இந்தக் கணக்கு அந்நியமில்லை. ஜெர்மன் எழுத்தாளர் ஓட்ஃப்ரீட் ப்ராய்ஸ்லர், சோர்பிய மக்களின் கதையொன்றிலிருந்து உருவாக்கிய ‘கிராபாட்’ (1971) நாவலிலும் மாவு மில்லில் மந்திரம் பயிலும் பன்னிரண்டு பேரில் ஒருவன் ஆண்டுதோறும் சாகிறான். குருநாதர் உயிரோடிருக்க அதுதான் விலை.

இன்னொரு மரபு இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிக் கதை. தாமஸ் ஹியூஸ் தாம் படித்த ரக்பி பள்ளியை வைத்து 1857இல் எழுதிய ‘டாம் பிரௌனின் பள்ளி நாட்கள்’ அதன் அச்சை வார்த்தது: புதிதாய் வந்து சேரும் பையன், உயிர் நண்பன், அடாவடி மாணவன், விளையாட்டுப் போட்டி, எட்ட நின்று காக்கும் தலைமையாசிரியர். ‘மேக்னட்’ வார இதழ் 1908 முதல் 1940 வரை இந்த அச்சிலேயே ஓடியது. அந்த 1940இல்தான் ஜார்ஜ் ஆர்வெல், இத்தகைய இதழ்களைப் பற்றிய கட்டுரையில், இப்படிப்பட்ட பள்ளியின் வாசலைக்கூட மிதிக்க வழியில்லாத பிள்ளைகளும் அவற்றை விழுந்து விழுந்து படிப்பதைக் கவனித்தார். இனிட் பிளைட்டனின் ‘மேலரி டவர்ஸ்’ (1946–1951) பெண்பிள்ளைகளுக்கு அதே ஏக்கத்தை ஊட்டியது. இங்கும் கட்டணம் உண்டு. அப்பாவின் பணப்பை அதைச் சத்தமில்லாமல் கட்டிவிடும். கதை அதைப் பேசுவதில்லை.

இரண்டு மரபுகளும் ஒன்றையொன்று தொட்ட இடம் அர்சுலா லெ குவினின் ‘எர்த்ஸீயின் மந்திரவாதி’ (1968). கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லாம் நரைத்த தாடிக்காரர்கள். அவர்கள் பையன்களாக இருந்தபோது எங்கே படித்தார்கள் என்ற யோசனையில் முளைத்தது ரோக் தீவின் பள்ளி. அங்கே சாத்தான் இல்லை. கெட் என்ற மாணவன் சக மாணவனிடம் வீம்பு காட்டப்போய் ஒரு நிழலை அவிழ்த்துவிடுகிறான். அதை அடக்கும் முயற்சியில் தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார். சேமுண்டுர் நிழலைக் கொடுத்துத் தப்பினார், கெட்டை நிழல் துரத்துகிறது. நேரடிக் கடன் இருந்ததோ இல்லையோ, கட்டணம் இங்கே வெளியிலிருந்து மாணவனின் மனத்துக்குள் இடம் மாறிவிட்டது. இந்த வகையில் எனக்கு மிக உயர்ந்த நூல் இதுதான். ஆனால் பள்ளி அதில் சில அத்தியாயங்களே வருகிறது.

ஜில் மர்ஃபியின் ‘தி வொர்ஸ்ட் விட்ச்’ (1974) முழுக்கப் பள்ளிக்குள்ளேயே நடப்பது. தான் படித்த கன்னியர் மடப் பள்ளியின் சாயலில் அவர் சூனியக்காரிகளின் பள்ளியைக் கட்டினார். மாணவி மில்ட்ரெட்டுக்கு மருந்துக் கலவை தப்பிப்போகும், ஆசிரியை முறைப்பார், பெரும்பாலும் அவ்வளவுதான் ஆபத்து. விலை சிரிப்பாகக் கரைந்தது.

1997 ஜூன் 26 அன்று வெளிவந்த முதல் ஹாரி பாட்டர் நாவல் இவை அனைத்தையும் ஒரே கூரைக்குள் சேர்த்தது. இல்லங்களும் புள்ளிகளும் கோப்பையும் ஹியூஸின் பரம்பரை. புதிது, சேர்க்கை முறை. நுழைவுத் தேர்வு கிடையாது, கடிதம் தானே தேடி வரும். கட்டணமே இல்லை, மந்திர அமைச்சகம் ஏற்றுக்கொள்கிறது என்று நாவலாசிரியர் ரௌலிங் 2015இல் உறுதிப்படுத்தினார். புத்தகமும் அங்கியும் வாங்க முடியாதவர்களுக்கு உதவிநிதி இருப்பதை ஆறாம் நூலே சொல்கிறது. ஆர்வெல் கண்ட வாசகனுக்கு முதன்முறையாக உள்ளே இடம் கிடைத்தது என்பேன். ஈர்ப்பின் வேர் மந்திரக்கோலில் இல்லை, ‘நீ இங்கே வரவேண்டியவன்’ என்ற அந்தக் கடிதத்தில் இருக்கிறது. பிறவியிலேயே மந்திரம் இல்லாதவனுக்கு அது வராது என்பதை வாசகர் யாரும் பொருட்படுத்துவதில்லை. எல்லோரும் தம்மைக் கடிதம் பெற்றவராகவே எண்ணிக்கொள்கிறார்கள். நான்காம் நூலிலிருந்து மாணவர்கள் சாகிறார்கள்தான். ஆனால் கொல்வது பள்ளிக்கு வெளியேயிருந்து வரும் எதிரி. பள்ளி கடைசிவரை வீடாகவே நிற்கிறது.

அந்நூல் வெளிவந்த ஒரு மாதத்துக்குள், ஜூலை 23 அன்று, பிரிட்டனின் உயர்கல்விச் செலவில் மாணவரும் பங்கேற்க வேண்டும் என்ற டியரிங் அறிக்கை வந்தது. அடுத்த ஆண்டே 1,000 பவுண்டு வரை பல்கலைக்கழகக் கட்டணம். 2012இல் இங்கிலாந்தில் அதன் உச்சவரம்பு 9,000 பவுண்டு. ஹாரியின் பள்ளியான ஹாக்வார்ட்ஸைப் படித்து வளர்ந்த பிரிட்டிஷ் பிள்ளைகள் பலர் கடனில் பட்டம் வாங்கினார்கள். அமெரிக்காவில் கல்விக் கடன் அதற்கும் முன்பே பெருஞ்சுமை.

அமெரிக்கரான நவோமி நோவிக் 2020இல் தொடங்கிய முத்தொகுதிக்குப் பழைய ஷோலொமான்ஸ் பெயரையே வைத்ததை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். அவருடைய பள்ளியில் ஆசிரியர்களே இல்லை. பூதங்கள் மாணவர்களைத் தின்கின்றன. செல்வாக்குள்ள மந்திரக் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு அதிகம். மற்றவர்கள் அவர்களை அண்டிப் பிழைக்கிறார்கள், அல்லது சாகிறார்கள். 2022இல் வந்த மூன்றாம் நூலில், அந்தக் குடியிருப்புகளின் அஸ்திவாரத்துக்காக மனித உயிர்கள் நசுக்கப்பட்டிருப்பது தெரியவருகிறது.