சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

மணிமேகலையில் சீத்தலைச் சாத்தனார் இரு காட்சிகளைத் தீட்டியுள்ளார். புகார் வீதியில் பித்தேறிய ஒருவன் கந்தை உடுத்து அரற்றித் திரிகிறான். ஊரார் அவன் பின்னே கூடி நின்று பார்க்கின்றனர். பின்னொரு காதையில் மணிமேகலை மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குகிறாள். அந்தப் பித்தன் கொலை செய்திருந்தால் அவனுக்குரிய கோட்டம் எது? காப்பியம் கேளாத இவ்வினாவைப் பிற்காலச் சட்டம் கேட்க வேண்டியதாயிற்று.

1843இல் இலண்டனில் மெக்நாட்டன் என்பவர், பிரதமர் இராபர்ட் பீலின் செயலாளர் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். ஆளுங்கட்சியினர் தம்மை வேட்டையாடுவதாக அவர் நம்பியிருந்தார். வழக்கறிஞர் காக்பர்ன் மருத்துவச் சான்றுகளை அடுக்கி வாதிட, விடுதலைத் தீர்ப்பு வந்தது; ஆயினும் மெக்நாட்டன் இறுதிவரை மனநல விடுதியிலேயே அடைபட்டிருந்தார். தீர்ப்பின்மேல் எழுந்த சினத்தால் நீதிபதிகள் வகுத்த விதிகளின் சாயல், 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்து 84ஆம் பிரிவில் உண்டு. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும் அதனையே பேணுகிறது.

நோய் இருந்தது என்பது மட்டும் போதாது. செயலின் தன்மையையோ, அது தவறென்பதையோ அறிய இயலாத நிலையில், செயல் நிகழ்ந்த அந்நேரத்தில் இருந்தார் என்று காட்ட வேண்டும். இச்சுமையைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் ஐயத்திற்கு இடமின்றி நிறுவ வேண்டியதில்லை, நிகழ்தகவு அவர் பக்கம் சாய்ந்தால் போதும் என்று 1964இல் தாஹ்யாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. எனினும், கோயிலுக்கும் தர்காவிற்கும் அழைத்துச் செல்லப்பட்டு, மருத்துவரையே காணாத ஒருவருக்கு மருந்துச்சீட்டு ஏது? அங்கே அண்டை வீட்டார் சாட்சியம்தான் மருத்துவக் குறிப்பின் இடத்தில் நிற்கிறது. அதனைத் தேடி ஊருக்குள் செல்லும் வழக்கறிஞரின் உழைப்பே வழக்கின் உயிர்.

செயல் நிகழ்ந்த நேரத்து மனநிலை வேறு, விசாரணையைப் புரிந்துகொள்ளும் தகுதி வேறு. இரண்டாவது இல்லையெனில் விசாரணை தள்ளிவைக்கப்படும். கருணையான இவ்விதியே சிலருக்குப் புதைகுழி ஆனது. அசாமின் மச்சாங் லாலுங் 1951இல் கைதானார். 1967இல் மருத்துவமனை அவர் நலமுற்றதாகச் சான்றளித்தது. ஆயினும் வெளியே அனுப்பாமல் சிறைக்கு மாற்றினர். 2005இல்தான் விடுதலையானார். ஐம்பத்து நான்கு ஆண்டுகள்! அவருக்குக் கிட்டாது போனது சட்டமன்று. அவர் பெயரை நீதிமன்றத்தில் ஒருமுறை உச்சரிக்க ஓர் ஆள்.

தொண்டைமான் அரசாக இருந்து 1948இல் இணைந்த நம் புதுக்கோட்டை, 1974இல் தனி மாவட்டமாயிற்று. 2004 முதல் இம்மாவட்டத்து மேல்முறையீடுகள் மதுரைக் கிளைக்குச் செல்கின்றன. காவலில் உள்ளோர்க்கும் மாற்றுத்திறனாளிகட்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் கட்டணமில்லா வழக்கறிஞரை உரிமையாக்கியுள்ளது. 'கொலைகாரனுக்கு வாதாடுவதா?' என்று நம்மில் பலர் முகஞ்சுளிக்கிறோம். வாதாடுபவர் குற்றத்தை மறைப்பதில்லை. குற்றத்திற்கும் நோய்க்கும் இடையிலுள்ள எல்லையை நீதிமன்றம் காணுமாறு விளக்கேற்றுகிறார். அவ்விளக்கு இல்லாவிடில், சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆவதற்கு வழியே இல்லை.